பால் மறக்கடிக்கிற நாள்

ஏழரைக்குள் சொல்லிவிட வேண்டும். இன்றைக்குத் திங்கட்கிழமை, ஏழரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், ஒன்பது வரைக்கும் ஆகாது, ஒன்பதுக்கு மேல் வெயில் ஏறிவிடும், நாளைக்கு அஷ்டமி, அதற்கு மறுநாள் நவமி, ஆக இன்றைக்கு விட்டால் வியாழன்தான் என்று நேற்றுக் காலண்டர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார். சொல்லி முடித்து, "எதானாலும் நீ சொல்றதுதான் அம்மிணி" என்றார். என் வீட்டுக்காரர் இப்படித்தான். தெய்வசிகாமணி மாதிரி பெண்டாட்டியை மதிக்கிற ஆள் காங்கேயம் வட்டாரத்திலேயே கிடையாது என்று ஊரில் பேச்சு. இருபத்தாறு வருஷமாக அந்த மதிப்பை நான் சுமக்கிறேன். முடிவைப் பெரிய மனதோடு என் கையில் கொடுத்துவிடுவார். சரியாய்ப் போனால் அது நம் வீட்டு முடிவு, கோணலாய்ப் போனால் "நீதான சொன்ன" என்று ஒரு பார்வை, சத்தம்கூடப் போட மாட்டார். இப்போது ஐந்தே முக்கால் இருக்கும். கொட்டகை மூலையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் குதிரை மயிலை நிற்கிறாள், அவள் அடிவயிற்றுக்குள் தலையைக் கொடுத்துக் குட்டி பால் குடிக்கிறது, இன்றைக்கே பால் மறக்கடிப்பதா என்று நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. குட்டி குடிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. அவசரமில்லாமல், இழுத்து, விட்டு, இழுத்து. நாலரை மாசத்துக் குட்டிக்கு இவ்வளவு பெரிய வாய் எதற்கு. மயிலையின் விலாவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறேன். ஒவ்வொரு எலும்பாக எண்ணலாம். தோல் வெளுத்துப் போய், இடுப்பு மேடு ரெண்டும் துருத்திக்கொண்டு, ஆனால் வயிறு மட்டும் கீழே இறங்கியிருக்கிறது, ஏனென்றால் அதற்குள் இன்னொன்று இருக்கிறது. குட்டி போட்ட பத்தாம் நாளே சேர்க்கைக்கு விட்டோம். விடச் சொன்னதும் நான்தான்.

டாக்டரம்மா போன வாரம் வந்து மயிலையின் முதுகில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, இந்த மாசம் தாண்ட வேண்டாம், தாயால் ரெண்டுக்கும் கொடுக்க முடியாது, வெளியே இருப்பதற்குக் கொடுத்துக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பது போய்விடும் என்றார். போய்விடும் என்பதை அவர் சொன்ன விதம், பஸ் போய்விடும் என்கிற மாதிரி இருந்தது. குட்டி தானாகத் தின்கிறதா என்று கேட்டார். தின்கிறது என்றேன். அன்றைக்குத் தின்றது. ஊறவைத்த கொள்ளு, தவிடு, சோளத்தட்டை நறுக்கிப் போட்டால் அது, எல்லாம் தின்றது. ஆனால் மூன்று நாளாகப் பாதிக் கொள்ளை மீதி வைக்கிறது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மீதியை அள்ளிக் கோழிக்குப் போட்டுவிட்டேன். ஏன் சொல்லவில்லை? சொன்னால் வியாழனுக்குப் போகும், வியாழன் அடுத்த வாரத்துக்குப் போகும், அதற்குள் மயிலைக்கு ஏதாவது. சொல்லாவிட்டால் இன்றைக்கே, சரியாகத் தின்னாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து அறைக்குள் போட்டு. எந்தப் பக்கம் போனாலும் ஒன்று இருக்கிறது. டாக்டரம்மா இன்னொரு வழியும் சொன்னார். நடுவில் வேலி வைத்து, ஒன்றை ஒன்று பார்க்கிற மாதிரி, மோந்துகொள்கிற மாதிரி, பால் மட்டும் எட்டாத மாதிரி ஒரு வாரம் விடுங்கள், தானாகவே மறந்துவிடும் என்று. எந்த வேலி? எங்கள் காட்டுக்கு இருப்பது கிளுவை முள்வேலி. ஆடு புகுந்து புகுந்து அடியெல்லாம் ஓட்டை. கண்ணெதிரே தாய் நின்றால் குட்டி அந்த முள்ளுக்குள் மூஞ்சியைக் கொடுக்காமல் இருக்குமா. கண் போய்விடும். இரும்புக் குழாய் வேலி போடலாம் என்றேன். அதற்கும் வீட்டுக்காரர் "நீ சொன்னாப் போட்டரலாம்" என்றார். ஆள் வரச் சொன்னதாகவும் சொன்னார். ஆள் வரவில்லை. ஆகவே பழைய வழிதான். தாயை டெம்போவில் ஏற்றி, மூலனூர்ப் பக்கம் நாத்தனார் காட்டுக்கு, சத்தம் கேட்காத தூரத்துக்கு அனுப்பிவிடுவது. குட்டியைப் பழைய புகையிலை அறைக்குள் விட்டுச் சாத்துவது. மூன்று நாள் கத்தும். நாலாம் நாள் தண்ணீர் குடிக்கும். பரம்பரையாக இவர்கள் வீட்டில் இப்படித்தான் மறக்கடிக்கிறார்கள், எத்தனையோ குட்டிகள் நாலாம் நாள் தண்ணீர் குடித்திருக்கின்றன, போன வருஷத்துக் குட்டியைத் தவிர.

அதை நினைக்க வேண்டாம். நினைக்காமல் என்ன செய்வது, அந்த அறை எதிரிலேயே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. கதவு ரெண்டு துண்டு, கீழ்க்கதவு என் நெஞ்சு உயரம், மேல்கதவு தனி. குதிரையை விட்டால் ரெண்டையும் சாத்த வேண்டும். போன வருஷம் ரெண்டும் சாத்தித்தான் இருந்தது. பொங்கியண்ணன் சாத்தினார். எங்கள் குதிரைகளை இருபது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவர், தாழ்ப்பாளைப் போட்டு, இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் சாப்பிடப் போனார். நான் பார்த்தேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குட்டி கத்தியது. அது பெண்குட்டி, நெற்றியில் வெள்ளை. மயிலையை அப்போது மூலனூர் அனுப்பவில்லை, கிணற்றுக்காட்டில்தான் கட்டியிருந்தோம். ஆனி மாசத்துக் காற்று சும்மா இருக்குமா, மேற்கேயிருந்து அவள் கத்துகிறதை அப்படியே கொண்டுவந்து கதவில் போட்டது. இது கத்தும், அது பதில் கத்தும். எனக்குத் தாங்கவில்லை. இருட்டில் இருப்பதால்தான் பயப்படுகிறது, கொஞ்சம் வெளிச்சம் வந்தால் அடங்கும் என்று எழுந்து போய் மேல்கதவைத் திறந்து வைத்தேன். வெளிச்சம் பட்டதும் அது என்னைப் பார்த்தது. நான் சந்தோஷமாகத் திரும்பி வந்து இலைமுன் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. பார்த்தாயா, நான் நினைத்தது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ரசம் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன். ஒரு வருஷமாக அந்த ரெண்டாம் கரண்டிதான் திரும்பத் திரும்ப வருகிறது. குட்டி தாவியதையோ, கீழ்க்கதவின் மேல் கழுத்து மாட்டித் தொங்கியதையோ நான் பார்க்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் ரசம். அதில் மிளகு ஜாஸ்தி. நல்ல ருசி.

பொங்கியண்ணன்தான் முதலில் பார்த்தார். அப்புறம் என் வீட்டுக்காரர் ஓடினார், அப்புறம் நான், கையில் சோற்றுப் பருக்கையோடு. அவர் சாட்டையை ஓங்கிக்கொண்டு போனார், அடிக்கவில்லை, அதைவிட மோசமாகப் பேசினார். "சோத்துக்கு என்ன அவசரம்டா உனக்கு, ஒரு கதவச் சாத்தத் துப்பில்ல." பொங்கியண்ணன், "ரெண்டயும் சாத்துனனுங்" என்றார். ஒரே ஒரு தடவை. அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டார். நான் அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், சத்தம் வரவில்லை, அழுகிறேன் என்று நினைத்து யாரோ தோளைப் பிடித்தார்கள். கோபம் அடங்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் குட்டியைப் புதைத்தபோது சொல்லலாம் என்று நினைத்தேன். மயிலையைக் கொண்டுவந்து காட்டினார்கள், அவள் அதை நக்கிக்கொண்டே நின்றாள், மடியிலிருந்து பால் தானாகச் சொட்டியது, அப்போதும் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் நாளைக்கு, அப்புறம் அடுத்த வாரம். ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்கு வருஷா வருஷம் குதிரைகளோடு போகிற பொங்கியண்ணனை அந்த முறை வர வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார் இவர். டீக்கடையில் பொங்கியண்ணனுக்குப் பேரே மாறிவிட்டது. "ஏப்பா தாழ்ப்பாளு, டீ சொல்லட்டுமா" என்கிறார்களாம். அவர் சிரித்துக்கொண்டு குடிக்கிறாராம். என் வாய் ஒரு வருஷமாகச் சாத்தியே இருக்கிறது. இரக்கத்தில் செய்ததுதானே, கெட்ட எண்ணம் இல்லையே என்று சமாதானம் சொல்லிப் பார்ப்பேன். கதவைத் திறந்தது இரக்கம், சரி. வாயைச் சாத்தியது எது?

குட்டி தலையை வெளியே எடுத்து என்னைப் பார்க்கிறது, உதட்டில் நுரை. பார்க்காதே என்னை. அன்றைக்கு இது மயிலையின் வயிற்றுக்குள் இருந்தது. அவள் கத்தினது அத்தனையும் இதற்குள் இறங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, யாரிடமாவது சொன்னால் பைத்தியம் என்பார்கள். மயிலைக்குத் தெரிந்துவிட்டது. நேற்று மத்தியானத்திலிருந்து தட்டையில் வாய் வைக்கவில்லை. குட்டிக்கும் கொட்டகை வாசலுக்கும் நடுவில் வந்து நின்றுகொள்கிறாள், குட்டி நகர்ந்தால் அவளும் நகர்கிறாள். யார் சொன்னது இவளுக்கு? நாங்கள் பேசும்போது இவள் காதைத் திருப்பினாளா? புகையிலை அறையைக் கூட்டுகிற சத்தம் கேட்டிருக்கும். அதுவே போதும். எதை மறந்தாள் இவள், ஒன்றையும் மறக்கவில்லை. மறக்கடிக்கிறோம் என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம். என் மகள் சிந்துஜாவுக்கு ஒன்றரை வயதில் பால் மறக்கடிக்கச் சொன்னார்கள். வேப்பிலையை அரைத்துப் பூசிக்கொண்டேன். அவள் வாயை வைத்து, முகத்தைச் சுளித்து, என்னை ஏறிட்டுப் பார்த்து, சுளித்த முகத்தோடேயே குடித்தாள். கசப்போடு குடித்தாள் பாவி மகள். மூன்றாம் நாள் நானே கழுவிவிட்டுக் கொடுத்தேன். உனக்கு மனசு பத்தாது என்று மாமியார் என்னை என் அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள், பத்து நாள், ஜாக்கெட்டெல்லாம் நனைந்து, காய்ச்சல் கண்டு, பால் வற்ற மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிக்கொண்டு கிடந்தேன். திரும்பி வந்தபோது அவள் வாசலில் நாத்தனார் இடுப்பில் இருந்தாள். கை நீட்டினேன். நல்ல பிள்ளையாக என்னைப் பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பி நாத்தனார் தோளில் வைத்துக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். மறந்துட்டாளே என்றார்கள். நானும் சிரித்தேன். அப்படிப்பட்ட வலியை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை, பிரசவத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மயிலை இப்போது பின்னங்காலைத் தூக்கினாள். குட்டி மறுபடி மடியில் வாய் வைத்ததும் ஒரு சின்னக் கனைப்பு, கால் உயர்ந்து, உதைக்காமல், அப்படியே கீழே இறங்கியது. எழுந்து போய்க் குனிந்து பார்த்தேன். காம்பு வெடித்திருக்கிறது. குட்டியின் பல் பட்ட இடத்தில் ரத்தம் கசிந்து பாலோடு சேர்ந்து, குட்டியின் உதட்டு நுரை லேசாகச் சிவந்திருக்கிறது. எத்தனை நாளாக? நான் விலாவையே எண்ணிக்கொண்டிருந்ததில் இதைப் பார்க்கவில்லை. அவள் காலைத் தூக்குகிறாள், இறக்குகிறாள், நகரவில்லை. இவளாக நகர மாட்டாள். கடைசிச் சொட்டு வரைக்கும் நிற்பாள், நின்று வயிற்றில் இருப்பதையும் இழந்து, அப்புறம் இவளும். அவ்வளவுதான். இன்றைக்குத்தான். கொள்ளைப் பாதி வைத்தாலும் இன்றைக்குத்தான், பசி வந்தால் தின்னும். முடிவு வந்ததும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. வாசலில் டெம்போ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மயிலையின் காது ரெண்டும் அந்தப் பக்கம் திரும்பின. உடம்பில் வேறொன்றும் அசையவில்லை.

பொங்கியண்ணன் தலைக்கயிற்றோடு வந்தார். காப்பித் தம்ளரோடு பின்னாலேயே இவர். மணி ஏழு. "என்ன அம்மிணி, சொல்லு" என்றார், சாமி முன்னால் பூக்கேட்கிற பக்தன் மாதிரி அடக்கமாக. "இன்னிக்கே பண்ணிப்போடலாம்" என்றேன். "செரி." அவர் திரும்பினார். இப்போது விட்டால் இன்னொரு வருஷம் போகும் என்று தோன்றியது. இன்றைக்கும் அந்த அறை, அந்தக் கதவு, சாத்தப்போகிற கை பொங்கியண்ணனுடையது. குட்டிக்கு எது நடந்தாலும் அது அந்தக் கையில் போய் ஒட்டிக்கொள்ளும், யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். "ஏனுங், ஒன்னு சொல்லோணும். போன வருசம் மேல்கதவத் தெறந்தது நானு. பொங்கியண்ணன் ரெண்டயும் சாத்தித்தான் வெச்சிருந்தாரு. நாந்தான் தெறந்தேன்." சொல்லிவிட்டேன். ஒரு வருஷமாக நாக்குக்கு அடியில் கிடந்தது இவ்வளவு சின்னதா. அவர் காப்பியை ஒரு வாய் குடித்தார். "செரி" என்றார். "செரின்னா?" "செரின்னா செரி. இப்ப எதுக்கு அத எடுத்துக்கிட்டு. இன்னிக்கும் ஒன்னு ஆச்சுன்னா யாரு பேர்ல போடறது?" கோபமில்லை, கிண்டலில்லை, ஓடு ஒழுகினால் எங்கே பாத்திரம் வைப்பது என்று கேட்கிற மாதிரி கேட்டார். பொங்கியண்ணன் பத்தடியில் நிற்கிறார், முதுகுதான் தெரிகிறது. மயிலையின் காதுக்குப் பின்னால் கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்த கை நின்றது. அப்புறம் மறுபடி கோத்தது. அவரை வேலையை விட்டு நிறுத்தாததை ஒரு வருஷமாக இவருடைய நல்ல மனசு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ரெண்டையும் சேர்த்தே அறைக்குள் கொண்டுபோக வேண்டும், அப்புறம் தாயை மட்டும் பின்னால் நடத்தி வெளியே எடுக்க வேண்டும். பொங்கியண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வா தாயி, வா" என்று மட்டும் சொன்னார். மயிலை வாசற்படியில் நின்றாள். உள்ளே மோந்து பார்த்தாள். அப்புறம் ஏன் நடந்தாள் என்று எனக்குத் தெரியாது, அவர் குரலுக்காக இருக்கும். குட்டி அவள் விலாவை ஒட்டிக்கொண்டு உள்ளே போயிற்று, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நானும் போனேன். பொங்கியண்ணன் அவளைப் பின்னால் தள்ளி, ஒரு அடி, இன்னொரு அடி, வெளியே. குட்டி பின்தொடரத் துள்ளியது, முழு பலத்தோடு பிடித்துக்கொண்டேன், முழங்கை சுவரில் தேய்ந்து எரிந்தது. "உட்டுப்போட்டு வெளிய வா" என்றார் இவர் வாசலில் நின்று. "நான் வரல. நீங்க கதவச் சாத்துங்க." "என்ன அம்மிணி வெளையாட்டு இது, இருட்டுல ஒதச்சுதுன்னா என்ன ஆகறது?" "ரெண்டயும் சாத்துங்க. தாழ்ப்பாளயும் நீங்களே போடுங்க, உங்க கைல. எப்பத் தெறக்கறதுன்னும் நீங்களே முடிவு பண்ணுங்க." அவர் முகம் அப்படி வெறுமையாய் இருந்து நான் பார்த்ததில்லை. "பொங்கா" என்று திரும்பிக் கூப்பிட்டார். வாசலில் டெம்போவின் பின்பலகை இறங்குகிற சத்தம். "பொங்கா, இங்க வாடா, இந்தக் கதவ" என்று இன்னும் சத்தமாக. பலகைமேல் குளம்பு ஏறுகிற சத்தம் மட்டும், நாலு தடவை, நிதானமாக. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் வைத்தார். கீழ்க்கதவு வந்தது. மேல்கதவு வருவதற்கு வெகுநேரம் ஆனது. பிறகு அதுவும் வந்தது, வெளிச்சம் ஒரு கோடாக நின்று போயிற்று, தாழ்ப்பாள் ஒரு தடவை வழுக்கி, மறு தடவை விழுந்தது. பழக்கமில்லாத கை.

இருட்டு. புகையிலை வாசம் இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் போகவில்லை. குட்டி இன்னும் கத்தவில்லை. அதன் மூச்சு என் வயிற்றில் சூடாகப் பட்டது, உதடு புடவையில் தேடியது, கையில் தேடியது, விரலைக் கண்டுபிடித்து இழுக்க ஆரம்பித்தது. பல் பட்டது. கையை எடுக்கவில்லை. வெளியே டெம்போ கிளம்பியது, கிளம்பும்போது மயிலை ஒரே ஒரு தடவை கனைத்தாள். குட்டியின் உடம்பு கழுத்திலிருந்து வால்வரை விறைத்ததை என் கைகளுக்குள் உணர்ந்தேன். விரலை விட்டுவிட்டது. எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியவில்லை, என் முதுகு சுவரில் இருக்கிறது, நகர இடமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. கதவுக்கு வெளியே அவர் நின்றுகொண்டிருக்கிறார். செருப்புச் சத்தம் எந்தப் பக்கமும் போகவில்லை.